பூச்சிகள் காட்டிய குறை

எலுவன்குளத்தில், வில்பத்துக் காட்டோரமாக அந்தியில் வந்து நிற்கும் வண்டிகளின் முகப்பில் பூச்சிகள் அப்பிக் கிடக்கும். சாரதிகள் அவற்றைத் துடைத்தெறிவர்.

நெடுநேரப் பந்தயத்துக்கென போர்ஷே நிறுவனம் 1969 இல் உருவாக்கிய 917 என்னும் கார், மிகுவேகத்தில் நிலை தளம்பியது. அவ்வாண்டு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தின் முதற் சுற்றிலேயே, அத்தகைய காரைச் செலுத்திய ஜோன் வுல்ஃப் விபத்தில் உயிரிழந்தார்.

பின்னர் ஒஸ்திரியாவில் நடந்த பரிசோதனையின்போது, ஜோன் ஹோர்ஸ்மன் என்ற பொறியியலாளர் காரின்மேல் மடிந்து ஒட்டியிருந்த பூச்சிகளை உற்றுநோக்கினார். முன்புறத்தில் அவை மலிந்திருந்தன. பின்புறத் தகடுகளிலோ காணப்படவில்லை. காற்று அத்தகடுகளைத் தொடாமலே கடந்தமை புலனாயிற்று. அலுமினியத் தகடுகளால் வாற்பகுதியை உயர்த்தினர், கார் நிலைகொண்டது. 1970 இல் லெ மான் வெற்றியும் 917 இற்கே கிட்டியது.

துடைக்குமுன் ஒருகணம் நோக்கும் கண், எலுவன்குளத்திலும் வேண்டும்.