எழுந்து வரும் பிள்ளை



எங்கள் வீட்டில் ஒரு தேக்குத் தொட்டில் உண்டு. தூளியைப் போல விட்டத்தில் தொங்குவதன்று. நான்கு கால்களும் சுற்றிலும் மரச்சட்டங்களுமாகத் தரையில் நிற்பது. என் மனைவியும் அவளுடைய அண்ணனும் குழந்தைகளாய் இருந்தபோது அதில்தான் உறங்கினார்கள். சேகரம் மாறும்போதெல்லாம் அதுவும் எங்களோடு லாரியில் ஏறி வந்திருக்கிறது. எங்கள் மகள் பிறந்தபோது சட்டங்களின் இடைவெளியை அளந்து பார்த்தேன். ஐந்தரை சென்டிமீட்டர் இருந்தது. ஆறுக்கு மேற்பட்டால் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் அந்த அளவு எனக்கு நிம்மதியளித்தது.

நம் வீடுகளில் பிள்ளைகள் பெற்றோரோடு ஒரே பாயில் படுப்பதே வழக்கம். அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் நள்ளிரவில் என் கைப்பேசி ஒலிப்பதும் நான் எழுந்து புறப்படுவதும் அடிக்கடி நிகழ்வதால், அவளுக்கு ஒன்றரை வயதானபோதே தொட்டிலைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். இரு அறைகளுக்கும் நடுவிலுள்ள கதவு எப்போதும் திறந்தே இருக்கும்.

இப்போது அவளுக்கு இரண்டரை வயது. உயரம் தொண்ணூறு சென்டிமீட்டர். எண்பத்தொன்பதைத் தொட்டுவிட்டால் தொட்டிலை விட்டுவிட வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் அறிவுரை. அந்த வயதில் உடலுக்கு ஏற்றதைவிடத் தலை கனமானது. மேல்சட்டத்தில் ஏறும் பிள்ளை பெரும்பாலும் தலைகுப்புறத்தான் விழும். அவள் ஒரு காலைத் தூக்கிச் சட்டத்தின்மேல் போடுவதை ஒரு பிற்பகலில் என் மனைவி கண்டாள். மேலும் அவள் இப்போது கர்ப்பிணி. பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளையைக் குனிந்து தூக்குவது அவளால் இயலாது. பிறக்கப்போகும் குழந்தைக்கும் அந்தத் தொட்டில் வேண்டும். அது வீட்டுக்கு வரும் நாளிலேயே மூத்தவளை இறக்கினால், தன் இடத்தை யாரோ பறித்துக்கொண்டதாகவே அவள் எண்ணுவாள். ஆகவே முன்கூட்டியே மாற்றுவதென்று முடிவுசெய்தோம்.

என் மாமியாருக்கு இதில் உடன்பாடில்லை. "பச்சப் பிள்ளைய இப்படித் தனியாப் போட என்ன அவசரம் மாப்பிள்ள?" என்றார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

தரையில் ஒரு கோரைப்பாய், அதன்மேல் மெல்லிய பஞ்சு மெத்தை. அவ்வளவே படுக்கை. ஆனால் படுக்கையைவிட அறைக்குத்தான் வேலை அதிகம். இதுவரை நான்கு சட்டங்களுக்குள் இருந்தவளுக்கு இனி இரவில் வீடு முழுவதும் திறந்திருக்கிறதல்லவா! துணி அலமாரியைச் சுவரோடு இறுகப் பிணைத்தேன். தரையை ஒட்டிய மின்செருகிகளை மூடினேன். குளியலறைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். நீர் நிறைந்த வாளி ஒன்றே ஒரு சிறு பிள்ளைக்கு ஆபத்தாகப் போதும். "அறைக்கதவையும் வெளியே தாழிட்டுவிடுங்கள், இரண்டு நாள் அழுது பழகிவிடும்" என்றார் ஒருவர். அதைமட்டும் செய்ய மனம் ஒப்பவில்லை. சட்டங்களை எடுத்துவிட்டுக் கதவைச் சட்டமாக்குவதில் என்ன பயன்?

முதல் மூன்று இரவுகளில் நடந்ததை நான் எதிர்பார்க்கவேயில்லை. அவள் எழுந்திருக்கவில்லை. விழிப்பு வந்ததும் மெத்தையின் நடுவே உட்கார்ந்துகொண்டு எங்களை அழைத்தாள். ஒருமுறை அதன் ஓரம்வரை வந்து, அங்கே இல்லாத சட்டத்தைப் பிடிப்பதுபோலக் கையை நீட்டி அப்படியே நின்றாள். தடை நீங்கிவிட்டது, நீங்கியது அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் பலருக்கு இப்படி ஆகும் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

நான்காம் இரவு தெரிந்துவிட்டது. ஐந்துமுறை வந்தாள். தண்ணீர் வேண்டும், கொசு கடிக்கிறது, "அப்பா, பல்லி என்னையே பாக்குது." ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்து அழைத்துச் சென்று படுக்கவைத்து, ஒரே வார்த்தையைச் சொல்லித் திரும்பினேன். விளக்கைப் போடவில்லை, கதை சொல்லவில்லை, கோபிக்கவுமில்லை. ஐந்தாம் முறை கோபிக்காதிருப்பது எளிதன்று என்பதைச் சிறு பிள்ளைகளை வளர்த்தவர்கள் அறிவார்கள்.

அன்றிரவு எனக்கு நினைவில் வந்தது 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரம். அப்பகுதியைப் பிரசங்கிக்கும்போது நாம் வழக்கமாக அழைப்பைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் அது ஒரு படுக்கையறைக் காட்சியும்கூட. கண்பார்வை மங்கத் தொடங்கிய முதியவர் ஒருவர் தம்முடைய இடத்தில் படுத்திருக்கிறார். சற்று அப்பால் ஒரு சிறுவன். குரல் கேட்டதும் அவன் எழுந்து ஓடிவருகிறான். தாம் அழைக்கவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்கிறார் ஏலி. மீண்டும் வருகிறான், மீண்டும் அனுப்புகிறார். மகனே என்று அழைத்தே அனுப்புகிறார். கடிந்துகொண்டதாக வேதம் சொல்லவில்லை. முதல்முறையே அவனை அதட்டியிருந்தால் மூன்றாம்முறை அவன் எழுந்து வந்திருப்பானா? மூன்றாம்முறை வந்தபோதுதான் அழைத்தவர் யார் என்று ஏலி உணர்ந்தார். அப்போதும் போய்ப் படு என்றே சொன்னார். ஆனால் அடுத்தமுறை என்ன மறுமொழி சொல்லவேண்டும் என்பதையும் கற்றுக்கொடுத்து அனுப்பினார். தம் சொந்தப் பிள்ளைகளை அடக்காதவர் என்று ஏலியை நாம் எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். அந்த இரவைப் பொறுத்தவரை நான் அவருடைய பக்கம்.

அன்னாளையும் நினைத்துக்கொண்டேன். பால் மறந்த பிள்ளையைச் சீலோவில் விட்டுவிட்டுத் திரும்பியவள் அவள். மூன்றாண்டு பாலூட்டிய ஒரு தாயைப் பற்றி மக்கபேயர் இரண்டாம் நூல் பேசுகிறது. சாமுவேலும் ஏறத்தாழ அந்த வயதினனாய் இருந்திருக்கலாம். பின்பு ஆண்டுதோறும் அவள் ஒரு சிறு சட்டையைத் தைத்துக் கொண்டுபோனாள். அருகில் இல்லாத பிள்ளை இவ்வாண்டு எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அவள் எப்படிக் கணித்தாளோ! பக்கத்து அறைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு உறக்கமின்றிக் கிடந்த என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "அவளுக்கு அது நேர்த்திக்கடன். எனக்கு இடுப்புவலி" என்றாள்.

சென்ற வியாழன் இரவு ஒன்றரை மணிக்கு அழைப்பு வந்தது. சபையின் மூத்த தாயார் ஒருவர் கடைசி மூச்சில் இருந்தார்கள். இருளிலேயே உடுத்திக்கொண்டு திரும்பினால், வாசற்படியில் மகள். "எங்க போறீங்க?" என்றாள். ஒரு பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஜெபித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவளைப் படுக்கவைக்க நேரமில்லை. தானே திரும்பிப் போனாள்.

விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் வீடு வந்தேன். இடையில் மூன்றுமுறை அவள் எழுந்து வந்தாளாம். முதல் இரண்டு தடவையும் அப்பா வந்தாச்சா என்று கேட்டிருக்கிறாள். மூன்றாம் தடவை எதுவும் கேட்கவில்லை. என் தலையணையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அங்கே நான் இல்லையென்று கண்டு, தன் மெத்தைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாளாம்.

தொட்டிலைத் துடைத்து, தளர்ந்த திருகாணிகளை முடுக்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாம் வாரத்தில் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள். என் மனைவிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.