கால் சுற்று

ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி பார்த்திருப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, மேடையில் யார் யார் நின்றார்கள் என்று எண்ணுங்கள் பார்ப்போம். கோட்டு போட்ட பாடகர். பட்டுப்புடவைப் பாடகி. கீபோர்டு, டிரம்ஸ், தபேலா. கைதட்டச் சொல்லிக் கெஞ்சும் அறிவிப்பாளர். ஸ்டைலாக லீட் கிடார்க்காரர். அவ்வளவுதானா? டிரம்ஸுக்குப் பக்கத்தில், சீரியல் பல்பு வெளிச்சம் பாதி முகத்தில் மட்டும் விழ, நீளக் கழுத்து கிடார் ஒன்றை மாட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருப்பாரே... நாலே நாலு கம்பி. ஞாபகம் வரவில்லையா? பரவாயில்லை. அவர்தான் என் சித்தப்பா.

பேஸ் கிடார். 'பேஸ்னா என்ன, கிரிக்கெட்ல வர்ற பேஸா?' என்று சேலத்தில் அவரைக் கேட்காத ஆள் கிடையாது. பாட்டின் அடித்தளத்தில் 'தும்... தும்...' என்று ஒன்று நடந்துகொண்டே இருக்குமே, அது. ஆளுயரத்துக்கு நிற்க வைத்து வாசிக்கும் டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாமல் தவித்தவர்களுக்காக, 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் தோளில் மாட்டுகிற மாதிரி மின்சார பேஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் கழுத்தில் ஃப்ரெட் இருந்ததால் சுருதி பிசகாது. அதனால் பெயரே 'பிரிசிஷன்'. இன்றைக்கும் பெரும்பாலான பேஸ் கிடார்களுக்கு அதே 34 அங்குலக் கம்பி நீளம்தான்.

அதன் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் விநாடிக்கு 41 அதிர்வு. நீங்கள் செல்போனில் பாட்டு கேட்பவரென்றால், அந்த அதிர்வு உங்கள் காதுக்கு வருவதே இல்லை. குட்டி ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்கத் தெம்பு கிடையாது. அந்தக் காலத்துக் கோயில் திருவிழாவிலும் இதே கதைதான். மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாடகர் நாலு ஊருக்குக் கேட்பார், சித்தப்பா மேடையைத் தாண்ட மாட்டார். 'எனக்கு முன்னால உக்காந்திருக்கிற நாலு வரிசைக்குத்தான்டா நான் வாசிக்கறேன்' என்பார். வருத்தமாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இளையராஜா குழுவில் பேஸ் வாசித்த சசிதரன்தான் அவருக்கு எல்லாம். கேசட்டை ரீவைண்ட் செய்து, ரீவைண்ட் செய்து, பாடகரின் குரலுக்கு அடியில் ஓடும் அந்தத் தனிப் பாட்டைப் பிடிப்பார். ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம், பரமத்தி வேலூர் என்று ஆடி மாதம் முழுக்க வேனில் சுற்றுவார்கள். விடியற்காலை வீட்டுக்கு வந்து, கம்பிகளைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கொதிக்க விடுவார். புதுக் கம்பி வாங்கக் காசிருக்காது. வியர்வையும் அழுக்கும் போய், நாலைந்து கச்சேரிக்கு மறுபடி கணீரென்று பேசும். சித்தி எழுந்துவந்து பார்த்தால், சாம்பார் பாத்திரத்தில் கம்பி வெந்துகொண்டிருக்கும். அந்தச் சண்டையை இங்கே எழுத முடியாது.

கிடார், ஜப்பானில் செய்த கறுப்பு யமஹா. 1986-ல், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் 6,500 ரூபாய்க்கு வாங்கினார். இப்போதைய பிள்ளைகளுக்கு இது புரியாது. ஃபாரின் வாத்தியத்துக்கு அன்று சுங்க வரி கொளுத்தும். கல்கத்தாவில் செய்த கிடார்கள் கிடைக்கும். சென்னைக்குப் போனால் மவுன்ட் ரோட்டில் 1842-லிருந்து இருக்கிற மியூஸி மியூசிக்கல் உண்டு. மற்றபடி வெளிநாட்டிலிருந்து யாராவது பெட்டியோடு இறங்கினால்தான்.

அப்புறம் கீபோர்டு வந்தது. வலது கை பல்லவி வாசிக்க, இடது கையே பேஸையும் பார்த்துக்கொண்டது. குழு நடத்துபவருக்கு ஒரு சம்பளம் மிச்சம், வேனில் ஒரு சீட்டு மிச்சம். வேடிக்கை என்னவென்றால், சென்னையில் ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸ் பிரமாதமாக பேஸ் வாசித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அதே பாட்டுகளை எங்கள் ஊர் மேடையில் இடது கைச் சுண்டுவிரல் வாசித்தது!

2001 மே மாதம். சித்தப்பா கிடாரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். தங்கைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டும். பேரம் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏனென்றால், நான் அப்போதுதான் பி.காம். முடித்திருந்தேன். குடும்பத்தின் ஒரே பொருளாதார மேதை!

நான் நோட்டைத் திறந்து தேய்மானம் போட்டேன். சிரிக்காதீர்கள். 25 சதவீதம், குறைந்துசெல் மதிப்பு முறை, 15 வருடம். 6,500 ரூபாய்க் கிடாரின் ஏட்டு மதிப்பு 87 ரூபாய் என்று வந்தது. சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, 'அந்த ஏழு ரூபா எதுக்குடா?' என்றார்.

(எங்கள் பாடப்புத்தகத்துக்குப் பழைய வாத்தியம் புரியாது. பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு ஒரு ஹாஃப்னர் பேஸ் வாங்கினார். 1972-ல் அது திருடு போனது. தேடித் தேடி, அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்துவிட்டதாக 2024-ல் அறிவித்தார்கள். அதற்கு ஏட்டு மதிப்பு போடுகிறவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கவும்.)

வாங்க வந்தவன் நாமக்கல் பக்கத்துப் பையன். பத்தொன்பது வயதிருக்கும். சர்ச்சில் வாசிக்கிறவன். நான் எட்டாயிரத்தில் ஆரம்பித்து, ஆறாயிரத்தில் நங்கூரம் போட்டிருந்தேன். பையன் கிடாரை மடியில் வைத்து வாசித்தான். முதல் நாலு ஃப்ரெட்டில் எங்கே கை வைத்தாலும் 'கர்ர்ர்' என்று ஒரு இரைச்சல். கம்பி ஃப்ரெட்டில் உரசுகிற சத்தம். எனக்கு அடிவயிறு கலங்கியது. சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'பழசு, அப்படித்தான் இருக்கும்' என்றார். விற்கிறவர் பேசுகிற பேச்சா இது!

அதற்குமேல் பேரத்தில் என்ன இருக்கிறது? ஐந்து, நாலரை, கடைசியில் நாலாயிரம். பையன் சட்டைப் பையிலிருந்து எடுத்ததில் பத்து ரூபாய் நோட்டுகள்கூட இருந்தன. சித்தப்பா அவனை டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஏற்றி பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தார். நான் எண்பத்தேழை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இருபத்து நாலு வருடம் ஓடிவிட்டது. போன மே மாதம், ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள் பேஸ் கிடார் வேண்டும் என்றாள். ஏன் பேஸ் என்று கேட்டதற்கு, 'அதுதான்ப்பா கூட்டம் கம்மி' என்றாள். விடுமுறைக்குச் சேலம் போயிருந்தபோது, நாமக்கல்லில் ஒரு இன்ஜினீயரிங் மாணவர் செகண்ட் ஹேண்டில் ஒன்று விற்பதாகத் தெரிந்தது. சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம். ரோட்டின் இரண்டு பக்கமும் வெயில் தரையில் கிடந்து கொதித்தது. ராசிபுரம் தாண்டும்போது சித்தப்பா, கச்சேரி வேன் பஞ்சரான இடத்தை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். சொன்னதில் பாதி இடத்தில் இப்போது கல்லூரி நிற்கிறது.

லாரிக்கு பாடி கட்டுகிற ஊர் நாமக்கல். அங்கே பழைய லாரி வாங்குகிறவர் பெயின்ட்டைப் பார்த்து மயங்க மாட்டார். குனிந்து சேஸைப் பார்ப்பார். சித்தப்பா கிடார் பார்த்ததும் அப்படித்தான். துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி, கழுத்தின் ஓரமாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒவ்வொரு ஃப்ரெட்டாக நாலு கம்பியும் வாசித்தார். வால்யூம் குமிழைத் திருகி, கரகரக்கிறதா என்று கேட்டார். தலைப்பக்கம் ஆலன் கீயை விட்டு லேசாக அசைத்துப் பார்த்தார். 'இது நகரலைன்னா ஓசியில குடுத்தாலும் வாங்காதே கண்ணு' என்றார் மகளிடம்.

விஷயம் இதுதான். நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற இழுப்பு சுமார் 80 கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டை அரிசி. மரம் வளைந்துவிடாமல் இருக்க, கழுத்துக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. டிரஸ் ராட் என்பார்கள். கழுத்து வில் மாதிரி வளையவும் கூடாது, அளவுகோல் மாதிரி நேராகவும் கூடாது. கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மரம் காயும்போது கழுத்து பின்பக்கமாகச் சாய்கிறது, இடைவெளி போகிறது, கம்பி உரசுகிறது. மழைக்காலத்தில் இதற்கு நேர் எதிர். கம்பி மேலே தூக்கிக்கொண்டு விரல் வலிக்கும்.

அந்த மாணவரின் கிடாரிலும் முதல் நாலு ஃப்ரெட்டில் 'கர்ர்ர்'.

என் கண்கள் பிரகாசித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் கேட்டது 13,000. இந்த இரைச்சலைக் காட்டி, பதினொன்றுக்கு இறக்கிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். 'தம்பி, இதுல ஒரு பிரச்னை இருக்கு போலிருக்கே...' என்று ஆரம்பிப்பதற்குள் சித்தப்பா குறுக்கே விழுந்தார்.

'ஒரு பிரச்னையும் இல்லீங்க தம்பி. வெயிலுக்குக் கழுத்து நிமிர்ந்திருக்குது. அவ்வளவுதான்.'

ஆலன் கீயை விட்டார். இடப்பக்கமாகக் கால் சுற்று, அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை. கம்பிகளை மறுபடி சுருதி சேர்த்து, அஞ்சு நிமிஷம் அப்படியே மடியில் வைத்திருந்தார். வாசித்தார். இரைச்சல் போன இடம் தெரியவில்லை. விற்கிற பையன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்கப்புறம் நான் எந்த வாயை வைத்துக்கொண்டு பேரம் பேச? 13,000-ஐ முழுசாக எண்ணிக் கொடுத்தேன்.

கார் ஆண்டகளூர் கேட் தாண்டுகிற வரைக்கும் நான் பேசவில்லை. அப்புறம் கேட்டேன்.

'சித்தப்பா, நம்ம யமஹாவுலயும் இதேதானே அன்னிக்கு?'

'இதேதான்.'

'அப்ப உங்களுக்குத் தெரியாதா?'

'தெரியாமயாடா பதினஞ்சு வருஷம் வாசிச்சேன்?'

'பின்னே ஏன் சும்மா இருந்தீங்க?'

அவர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். 'அவன்கிட்ட நாலாயிரம்தான் இருந்துச்சு. நீ நோட்டு போட்டுக்கிட்டு ஆறுல நிக்கறே. இரைச்சல் கேட்டாத்தானே இறங்குவே?'

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அன்றைக்குத் துண்டுக்கடியில் இருந்த விரல் யாருடையது என்றே தெரியாமல், நான் எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

'ஃபீஸுக்குக் காசு பத்தாமப் போயிருக்குமே?'

'பத்தல. உங்க சித்தி வளையலை வெச்சுக் கட்டினோம். அப்புறம் மீட்டாச்சு.' அது ஒரு பெரிய சமாசாரமே இல்லை என்பதுபோல் சொன்னார். 'பஸ் ஸ்டாண்டுல அவன்கிட்ட அந்தக் கீயையும் குடுத்துட்டேன். மே மாசம் இடப்பக்கம் கால் சுத்து, கார்த்திகையில வலப்பக்கம் கால் சுத்து, மத்த நாள்ல தொடாதேன்னு சொன்னேன். சரிங்ணா, சரிங்ணான்னுட்டே பஸ் ஏறினான்.'

பின் சீட்டில் மகள் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால், முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

சேலம் வீட்டுக்கு வந்ததும், சித்தப்பா பாயை விரித்து கிடாரைப் படுக்க வைத்தார். முதலில் கழுத்து, அடுத்தது கம்பியின் உயரம், கடைசியில்தான் சுருதி. இந்த வரிசையை மாற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மகளுக்குச் சொன்னார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணியோசை மாதிரி ஒன்று வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுருதி வர வேண்டும். அழுத்தியது தூக்கலாக இருந்தால், பிரிட்ஜில் அந்தக் கம்பியின் சாடிலைப் பின்னால் தள்ள வேண்டும். குறைவாக இருந்தால் முன்னால். மகள் போனில் டியூனர் வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தாள். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூன்று கம்பியில் இருவரும் ஒத்துப்போனார்கள். நாலாவதில் தகராறு. கடைசியில் முள்தான் இறங்கி வந்தது!

'கம்பி பழசாத்தான் இருக்கு' என்றார் சித்தப்பா, விரலால் துடைத்துப் பார்த்து.

மகள் தடித்த கம்பியை மீட்டினாள். அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் லேசாக நடுங்கின. உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது.

'சாம்பார் பாத்திரத்தை மட்டும் யாரும் தொடக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்!'