மூலத்துக்குள் இருக்கும் மூலம்

கேமரன் மலையின் போ தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள் பேர் கூப்பிடும் பெரட்டு நேரத்தில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. அப்படிப் பனி மூடியிருக்கும். அம்மா இடுப்பில் பிளாஸ்டிக் துணியைச் சுற்றி, முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவார். 1929இல் ரஸ்ஸல் துரை தொடங்கிய தோட்டம் அது. தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு அந்த மேடுதான் உலகம். லயத்துப் பிள்ளைகள் நாங்கள் ஹாபு வழியாக வளைந்து வளைந்து ஏறும் சாலையில் தானா ராத்தாவுக்கு இடைநிலைப்பள்ளி போவோம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், ரிமூவ் வகுப்பில் ஒரு வருடம், அதன் பிறகு எல்லாப் பாடமும் மலாய் மொழியில்.

படிவம் நான்கில் கணக்கு எங்களை மிரட்டியது. பித்தகோரஸ் கணக்கைப் போட்டாலும் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தாலும் விடையில் ஒரு வர்க்கமூலம் வந்து நிற்கும். இரண்டு மூலங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால், அவற்றைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று யாருக்கும் தெரியாது. பாதிப் பேர் குறிக்குள் இருக்கும் எண்களைக் கூட்டி, ஒரே மூலத்துக்குள் போட்டுவிடுவார்கள்.

கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் இரவு வகுப்பு நடக்கும். எங்கள் லயத்து அக்கா ஒருவர்தான் ஆசிரியர். ஆறாம் படிவம் முடித்துவிட்டுத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தார். காசு வாங்கமாட்டார். குளிருக்குக் கம்பளித் தொப்பியும், தோளில் ஒரு துண்டும், கையில் சாக்குக்கட்டியுமாக நிற்பார். கால் விரல்கள் விறைத்துப் போகும். நாங்கள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம்.

அன்று அவர் பலகையில் √9 + √16 என்று எழுதினார். "கூட்டுங்க தம்பி" என்றார். பின்வரிசையிலிருந்து "√25, அக்கா" என்று குரல் வந்தது. அக்கா திட்டவில்லை. "√9 எவ்வளவு?" மூன்று. "√16?" நான்கு. "ரெண்டும் சேர்ந்தா?" ஏழு. "√25?" ஐந்து. மண்டபம் அமைதியானது. ஏழும் ஐந்தும் ஒன்றாகாது என்பது எல்லாருக்கும் தெரியும். குறுக்கு வழி தப்பு என்பதை எங்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வழியில் யாருமே போகவில்லை.

அடுத்து √12 + √27. பார்த்தால் இரண்டும் வேறு வேறு. "கூட்டல் குறியைப் பார்த்ததும் கை ஓடக்கூடாது. உள்ளே என்ன இருக்குன்னு முதல்ல பாருங்க" என்றார். 12 என்பது 4 × 3. நான்கு வர்க்க எண், அதன் மூலம் 2 வெளியே வரும். 27 என்பது 9 × 3. அதிலிருந்து 3 வெளியே வரும். ஆக 2√3 + 3√3. இரண்டிலும் √3 பொதுவாக இருப்பதால் வெளியே நிற்கும் எண்களைக் கூட்டலாம்: 5√3. "கொழுந்தைக் கொழுந்தோட நிறுக்கணும், முத்தல் இலையை அதோட சேர்த்தா மண்டோர் விடுவாரா?" என்றார். எல்லார் அம்மாவும் கொழுந்து எடுப்பவர்கள்தான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனாலும் சொன்னதை நம்பிவிடுவதை அக்கா விரும்பமாட்டார். நான்கிலக்க அட்டவணைப் புத்தகத்தை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, நீங்களே பாருங்கள் என்பார். √12 என்பது 3.464, √27 என்பது 5.196, கூட்டினால் 8.660. 5√3 எடுத்தாலும் அதே 8.660. உள்ளே இருப்பதைக் கூட்டி √39 என்று எழுதியிருந்தால் 6.245தான் வந்திருக்கும். கழித்தலும் இப்படித்தான்: √50 − √18 என்பது 5√2 − 3√2, அதாவது 2√2. √72ஐ 2√18 என்று எழுதி நிறுத்தியவனிடம், "18க்குள்ள இன்னும் ஒரு ஒன்பது இருக்கே" என்று 6√2 வரை கூட்டிக்கொண்டு போனார்.

கடைசியாக √3 + √7 எழுதினார். எவ்வளவு உடைத்தும் பொதுவான மூலம் கிடைக்கவில்லை. நடுவில் கூட்டல் குறியோடு விடையை விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை. "இதுதான் விடை. இதுக்கு மேலே சுருக்க முடியாதுன்னு தெரிஞ்சுக்கிறதும் கணக்குதான்" என்றார். எனக்குக் கணக்கு பிடித்துப்போனது அந்த வார்த்தையில்தான்.

பல வருடங்களுக்குப் பிறகு 12ஆம் நூற்றாண்டின் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தைப் பற்றிப் படித்தேன். மூலங்களைக் கூட்டவும் கழிக்கவும் அவர் கொடுத்த எடுத்துக்காட்டுகள் 2உம் 8உம், 3உம் 27உம், 3உம் 7உம். முதல் இரண்டு ஜோடிகளும் சேரும்; √2 + √8 = 3√2, √3 + √27 = 4√3. மூன்றாவது சேராது. சேர்வதைக் காட்டிய பின் சேராததையும் காட்டும் அதே வரிசை. √ என்ற குறி 1525இல் ருடால்ஃப் என்ற ஜெர்மானியர் புத்தகத்தில்தான் அச்சேறியது. குறி பிறப்பதற்கு முந்நூறு வருடங்களுக்கு மேல் முன்பே, நல்ல ஆசிரியர் ஒருவர் இந்தப் பாடத்தை எங்கள் அக்கா மாதிரியே நடத்தியிருக்கிறார்.

இன்று படிவம் நான்கு கூடுதல் கணிதப் பாடநூலில், அடுக்குக்குறியோடும் மடக்கையோடும் சேர்த்து இந்த மூலங்களுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. விதிகள் கட்டம் கட்டி அச்சாகியிருக்கின்றன. விதியை மனப்பாடம் செய்த பிள்ளை தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். ஏழும் ஐந்தும் ஒன்றல்ல என்று தானே கண்ட பிள்ளை மறக்காது. தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்தவர்களிடம் நான் கேட்பது இதுதான்: வாரத்தில் ஒரு மாலையை நம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். √12, √27 இரண்டையும் எழுதிக் காட்டி, கூட்டச் சொல்லும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சூத்திரத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.