“கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்!”

மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்று மணமாகாத பெண் சொன்னால், பல வீடுகளில் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். ஒன்று, “ரத்தம் கம்மியா இருக்கும்.” இன்னொன்று, “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்.”

மதுரையில் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் 24 வயதுப் பெண்ணுக்கும் இவைதான் கிடைத்தன. முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் சாப்பிட்டுக் காத்திருந்தாள். ஒரு வருடத்தில் மாதவிலக்கு வந்தது மூன்றே முறை. அதற்குள் தாடையில் முடி, கழுத்தின் பின்புறம் கருமை, 11 கிலோ கூடுதல் எடை.

அக்காதான் பிடிவாதமாக மகளிர் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். ஸ்கேனில் ‘நீர்க்கட்டிகள்’ என்றதும் அம்மா பதறினார். “ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா டாக்டர்?”

அவை வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகளே அல்ல. வளர்ச்சி பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது அது அதிகமாகச் சுரக்கிறது. அதனால் சினைப்பையில் ஆண் ஹார்மோன் கூடுகிறது. முட்டை வெளிவருவது தடைப்படுகிறது. கழுத்துக் கருமைகூட அழுக்கு அல்ல, இன்சுலின் கோளாறின் அடையாளம்.

ஸ்கேனை மட்டும் வைத்து பி.சி.ஓ.எஸ் என்று முடிவுசெய்வதில்லை. ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு கோளாறு இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

“குழந்தை பிறக்கும்ல?” என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

“பலருக்குத் தானாவே நிக்கும். இல்லைன்னா முட்டை வளர மாத்திரை இருக்கு. ஆனா மாசக்கணக்குல தீட்டு வராம விட்டா கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சு, பின்னாடி புற்றுநோய் வர்ற ஆபத்து கூடும். சர்க்கரை நோயும் சீக்கிரம் வரலாம். கல்யாணத்துக்காக இல்லம்மா, இவளுக்காக வைத்தியம் பாருங்க” என்றார் டாக்டர்.

அடுத்த சிக்கல் மருந்துக்கடையில். எழுதித் தந்தது கருத்தடை மாத்திரை என்று தெரிந்ததும், அம்மா அட்டையைப் பீரோவுக்குள் ஒளித்துவைத்தார். மாதவிலக்கைச் சீராக்கவும் முடி வளர்ச்சியைக் குறைக்கவும் அதே மாத்திரைதான் உதவுகிறது என்று அக்கா புரியவைக்க ஒரு வாரம் ஆனது. இன்சுலினுக்காக மெட்ஃபார்மின் தந்தார்கள். முதலில் குமட்டியது, சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டதும் பழகிவிட்டது.

சாப்பாட்டில் பெரிய புரட்சி இல்லை. மதியம் சோறு பாதியானது. மீதி இடத்தில் பொரியல், பருப்பு, முட்டை அல்லது மீன். மாலையில் பஃப்ஸுக்குப் பதில் சுண்டல். டீயில் சர்க்கரை இல்லை. இரண்டு ஸ்டாப் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வியர்க்க நடப்பதுதான் கணக்கு. எடையில் 5 சதவிகிதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகத் தொடங்கும். எட்டு மாதத்தில் அவளுக்கு 5 கிலோ குறைந்தது. டாக்டர் ஹார்மோன் மாத்திரையை நிறுத்திப் பார்த்தபோது மாதவிலக்கு தானாகவே வந்தது. தாடை முடி மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இப்போது வரன் பார்க்கிறார்கள். “மாப்பிள்ளை வீட்ல சொல்ல வேணாம்டி” என்றார் அம்மா.

“சுகர், பி.பி மாதிரி இதுவும் ஒண்ணும்மா. சொல்லிட்டே பேசுங்க.”

சொன்னார்கள். ஒரு வீட்டார் அதன்பிறகு போனையே எடுக்கவில்லை. அம்மா அழுதார். இரண்டாவது வீட்டில், பையனின் அக்கா தணிந்த குரலில் கேட்டாள்: “எனக்கும் இருக்கு. நீங்க எந்த டாக்டர்கிட்ட பார்க்கறீங்க?”