அம்மா அறைக்கு மூன்று கொட்டேசன்

ஒரு சதுர அடிக்கு 1,450 ரூபாய். அந்தக் கடதாசியைப் பார்த்ததும் அம்மா முதலில் கேட்டது, "இது ஒரு நாள் பேரையும் விட கூடவா?" என்றுதான். கூடத்தான். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் ஒரு நாள் முழுக்க மலையில் நின்று உழைத்தாலும் ஒரு அடிக்கு ஒரு அடி பலகைத் தரை வாங்க முடிந்திருக்காது. அம்மாவின் அறை பன்னிரண்டுக்குப் பதினான்கு. மொத்தம் 168 சதுர அடி.

எங்கள் வீடு ஹட்டன் பக்கத்தில், ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டித் தந்த வீடு. லயத்துப் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஆறு பேர் படுத்து எழும்பிய எங்களுக்கு இதுவே பெரிய விசயம். ஆனால் தரை வெறும் சீமெந்து. நாலாயிரம் அடிக்கு மேலே உள்ள ஊரில் ஜனவரி காலையில் சீமெந்தில் காலை வைத்தால் குளிர் முழங்காலுக்கு ஏறும். அம்மாவுக்கு முழங்கால் ஏற்கெனவே போய்விட்டது. பத்தொன்பது வருசம் தோட்டத்துப் பங்களாவில் வேலை. அங்கே வரவேற்பறையும் இரண்டு படுக்கையறையும் பலகைத் தரை. வாரத்துக்கு ஒரு தடவை முழங்காலிட்டு மெழுகு பூச வேண்டும். பிறகு பாதித் தேங்காய் மட்டையைக் காலுக்குக் கீழே வைத்து, முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும்.

அதனால்தான் எங்களுக்கு இந்த யோசனை வந்தது. நாங்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் இப்போது சம்பளம் வருகிறது. அம்மா அறைக்குப் பலகை போடுவோம். தேய்த்த தரையில் ஒரு நாளாவது அவர் சும்மா நடக்கட்டும். சினிமாத்தனமான ஆசைதான், ஒத்துக்கொள்கிறோம்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "தொர வீட்டுத் தரை எனக்கு என்னாத்துக்கு? ஒரு கார்ப்பட் துண்டு வாங்கிப் போடுங்க." சித்தப்பா டைல்ஸ் போடச் சொன்னார். டைல்ஸும் சீமெந்து மாதிரியே சில்லிடும் என்று சொன்னால் அவர் நம்பவில்லை. "பார்க்க நல்லா இருக்குமே" என்றார்.

பணம் எங்கிருந்து என்பது அடுத்த கேள்வி. வங்கியில் வீட்டுத் திருத்தக் கடன் கேட்டுப் போனோம். காணி உறுதி கேட்டார்கள். வீடு இருக்கிறது, சாவி இருக்கிறது, சாவி கொடுத்தபோது எடுத்த படம்கூட இருக்கிறது. உறுதி இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், "நீங்க மட்டுமில்ல, நெறைய பேர் இப்பிடித்தான் வர்றாங்க" என்றார். கடைசியில் சீட்டுக் காசையும் அண்ணனின் போனஸையும் சேர்த்தால் 2 லட்சம் தேறியது. இன்னும் எங்கள் பெயருக்கு வராத மண்ணின் மேல் 2 லட்சத்தை ஆணியடித்து வைக்கலாமா என்று ஒரு இரவு முழுக்கச் சண்டை பிடித்தோம். அண்ணன் வேண்டாம் என்றான். உறுதி வரும்வரைக்கும் அம்மாவின் முழங்கால் காத்திருக்காது என்று தங்கச்சி சொன்னதோடு சண்டை முடிந்தது.

பிறகு கொட்டேசன் எடுக்கத் தொடங்கினோம். முதலாவது கண்டியிலுள்ள ஒரு கம்பனியிடமிருந்து வந்தது. டை கட்டிய ஒரு தம்பி வந்து லேசர் கருவியால் அளந்து, மறுநாளே அழகான கடதாசியில் அனுப்பினார். 168 சதுர அடி, அடிக்கு 1,450, மொத்தம் 2,43,600. கீழே 18 வீதம் வற், 43,848. ஆக 2,87,448. அதற்குக் கீழே மிகச் சின்ன எழுத்தில், தரையை மட்டம் செய்வது தனி, சுவரோரப் பட்டி தனி, போக்குவரத்து தனி. அந்தத் "தனி"களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கூட்டினால் 3 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டியது. வற் போடுகிற கம்பனி என்றால் வற் பதிவு இலக்கம் கடதாசியில் இருக்க வேண்டும். இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் "உண்மையான மரம்" என்பது மேலே ஒட்டியிருக்கும் இரண்டு மில்லிமீற்றர் தகடு மட்டும்தான். கீழே பிளைவுட் அடுக்குகள். அது கெட்ட சாமான் என்று சொல்ல வரவில்லை, முழுப் பலகையை விட அது குறைவாகத்தான் நெளியும். எங்களுக்கு உதைத்தது உத்தரவாதப் பகுதியில் இருந்த ஒரு வரி: தரையில் ஈரம் இருந்தால் உத்தரவாதம் செல்லாது.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் செலவு எதுவும் இல்லை. ஒரு பொலித்தீன் துண்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாளுக்கு மேல் விட்டு வைத்தோம். தூக்கிப் பார்த்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். லேசர் கொண்டுவந்த தம்பி இதைச் செய்யவில்லை.

இரண்டாவது, டவுனில் கொந்தரப்பு எடுத்துச் செய்யும் ஒருவர். கடதாசி கிடையாது, வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு மட்டும். "எல்லாம் சேத்து ரெண்டு லட்சம், அட்வான்ஸ் எழுபது வீதம், அடுத்த கெழமையே தொடங்கிறலாம், அம்மாவுக்கு ஒரு கவலையும் வேணாம்." எங்களிடம் இருந்ததும் சரியாக 2 லட்சம். உடனே சரி சொல்லத் தோன்றியது, உண்மையாகவே. என்ன மரம் என்று கேட்டோம். "நல்ல மரம்" என்றார். திரும்பக் கேட்டோம். "பைனஸ்தான், ஆனா நல்ல பைனஸ்." பைனஸ் மென்மையான மரம். கட்டில் காலே தரையில் குழி போட்டுவிடும். அதைவிட, எழுபது வீதம் என்றால் 1,40,000 ரூபாய் அவர் கையில், எங்கள் கையில் ஒரு குரல்பதிவு.

மூன்றாவது ஒரு வயசான சிங்கள வடு பாஸ். பக்கத்துத் தோட்டங்களின் பங்களாக்களில் வேலை செய்தவர். அம்மாவை அப்போதே தெரியும். அவர் அளவு நாடாவை எடுக்கு முன்னமே வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். வெட்டிய மண்மேட்டையும், புல் மண்டி மூடிப்போன கானையும் பார்த்துவிட்டு வந்து, "தண்ணி அங்க போகலன்னா இங்க வரும் தானே" என்றார். அறைக்குள் வந்து சுத்தியலின் பிடியால் தரையைத் தட்டித் தட்டிக் கேட்டார். கதவைத் திறந்து மூடிப் பார்த்து, சட்டமடித்துப் பலகை போட்டால் தரை மூன்று அங்குலம் உயரும், கதவின் அடியைச் சீவ வேண்டும் என்றார். கதவு பற்றி மற்ற இருவரும் வாய் திறக்கவே இல்லை.

அவருடைய கொட்டேசன் ஒரு கலண்டர் தாளின் பின்பக்கம், பென்சிலால், சிங்களத்தில். தங்கச்சி வாசித்துச் சொன்னாள். டர்பன்டைன் மரம் 20 கன அடி, அடிக்கு 4,800 வீதம் 96,000. மரக்காலையில் சீவிக் காடி வெட்ட 14,000. அவருக்கு நாளுக்கு 4,500, கையாளுக்கு 3,000, எட்டு நாளைக்கு 60,000. ஆணி, பொலித்தீன், பொலிஸ் 22,000. லொறி 6,000. கூட்டினால் 1,98,000.

கொந்தரப்புக்காரரின் இரண்டு லட்சமும் பாஸின் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரமும் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றைப் பிரிக்க முடியாது, மற்றதைப் பிரிக்கலாம். பாஸ் எழுதிய ஒவ்வொரு வரியையும் நாங்கள் போய் விசாரிக்க முடிந்தது. மரக்காலையில் விலை கேட்டோம், நூறு இருநூறு வித்தியாசம்தான். கன அடிக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம்: 168 சதுர அடிக்கு ஒரு அங்குலத் தடிப்பில் 14 கன அடி, கழிவுக்குப் பத்து வீதம், கீழ்ச் சட்டத்துக்கு மூன்றரை, சுவரோரப் பட்டிக்கு முக்கால். இருபதுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பள்ளிக்கூடக் கணக்கு வாழ்க்கையில் உதவிய அபூர்வ நாள் அது. முற்பணமும் அவர் கேட்கவில்லை. "நீங்க வாங்க, நான் மரம் தெரிஞ்சு தாறேன். பில், பெர்மிட் எல்லாம் உங்க பேர்ல இருக்கட்டும்" என்றார்.

ஆனால் அவருடைய நிபந்தனை எங்களுக்குக் கசந்தது. முதலில் கானை வெட்ட வேண்டும். மரத்தை வாங்கி வீட்டுக்குள்ளேயே, இடையில் ரீப்பர் வைத்து அடுக்கி, குறைந்தது இரண்டு மாதம் காயவிட வேண்டும். டர்பன்டைன் என்று இங்கே விற்பது யூக்கலிப்டஸ் வகை. உறுதியான மரம், ஆனால் காயும்போது நன்றாகச் சுருங்கும். கொந்தரப்புக்காரர் அடுத்த கிழமை என்கிறார், இவர் பெப்ரவரிக்குப் பிறகு என்கிறார். அண்ணன், "இவர் வேலையை இழுக்கப் பார்க்கிறார்" என்றான்.

அப்போதுதான் அம்மா பேசினார். அதுவரை கதவோரமாக நின்று தேத்தண்ணிக் கோப்பைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார்.

பங்களாவில் ஒரு தடவை படுக்கையறையின் ஒரு மூலை உளுத்துப்போய்ப் புதுப் பலகை போட்டார்களாம். அவசரமாக, பச்சை மரத்தில். மழை நின்று வெயில் அடித்ததும் பலகைகள் சுருங்கி, விரல் நுனி போகும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. துரைசானியின் தோடு ஒன்று காணாமல் போனது. அறையைத் தேய்த்தது அம்மா. அம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பிறகு லயத்துக் காம்பராவுக்கும் வந்து பார்த்தார்கள். ஒன்பது நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பத்தாம் நாள் இடைவெளியை அடைக்க ஆள் வந்து ஒரு பலகையைக் கிளப்பியபோது தோடு கீழே தூசிக்குள் கிடந்தது.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றார் பாஸ், எங்களைப் பார்க்காமல்.

இந்தக் கதை எங்கள் மூவருக்கும் தெரியாது. மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது. அம்மா வீட்டில் இருந்த ஒன்பது நாள் அவளுக்கு நினைவிருக்கிறது, தினமும் ரொட்டி சுட்டுத் தந்த சந்தோசமான நாட்களாக.

யாரும் மன்னிப்புக் கேட்டார்களா என்று தங்கச்சி கேட்டாள். "பத்தாம் நாள் வேலைக்கு வரச் சொன்னாங்க" என்றார் அம்மா. அவ்வளவுதான். பிறகு பாஸிடம் திரும்பி, கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்கத் தொடங்கினார். பலகைக்குக் கீழே காற்றுப் போக ஓட்டை எங்கே வைப்பீங்க? ஆணித் தலை மேலே தெரியுமா, காடிக்குள்ளே மறையுமா? சுவரோரம் எவ்வளவு இடம் விடுவீங்க, மழைக்குப் பலகை ஊதுமே? பாஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இரண்டு இடத்தில் கலண்டர் தாளைத் திருத்தினார். மூன்று கொட்டேசனையும் வைத்து இரண்டு கிழமையாக மண்டையை உடைத்த நாங்கள், பலகைத் தரையைப் பற்றி அதிகம் தெரிந்த ஆளிடம் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

கடைசியாக அம்மா பொலிஸ் வரியில் விரலை வைத்தார். மெழுகா, வார்னிஷா? வழக்கமாக மெழுகுதான், அதுதான் மரத்துக்கு அழகு என்றார் பாஸ்.

"மெழுகு வேணாம். பூசுனா தேய்க்கணும். தேய்க்காத மாதிரி என்னா இருக்கோ அத போடுங்க."

பாஸ் அதை வெட்டிவிட்டுத் தண்ணீர் பிடிக்காத வார்னிஷ் என்று எழுதினார். 3,500 ரூபாய் கூடியது. மொத்தம் 2,01,500. மேலதிகத்தை அண்ணன் கொடுத்தான், வாய் பேசாமல்.

கானை நாங்களே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டினோம். பொலித்தீனை மறுபடி ஒட்டிப் பார்த்தோம். முத்துகள் குறைந்திருக்கின்றன, முழுக்கப் போகவில்லை. மரம் டிசம்பரில் வந்தது. இப்போது முன் அறையில் பாதியைப் பலகை அடுக்குத்தான் பிடித்திருக்கிறது, வீடு முழுக்க மரவாசம். பாஸ் ஒவ்வொரு மாதமும் வந்து தட்டிப் பார்த்து, "இன்னும் இல்ல" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டு அக்கா இரவில் நாடகம் பார்க்க வந்தால் அந்த அடுக்கின் மேலேதான் உட்காருகிறார். அம்மா அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. தண்ணீர்க் கிளாஸை அதில் வைத்தால்தான் கத்துகிறார்.