புளிப்பதற்கு முன்

மரத்திலிருந்து இறங்கியதும் அவர் செய்த முதல் வேலை, கலயத்தைக் காதோரம் சாய்த்துக் கேட்டதுதான். மூக்குக்கும் நாக்குக்கும் அப்புறம்தான் முறை. "இரைச்சல் வந்துட்டா தொலைஞ்சுது சார். இது சும்மாதான் கெடக்குது, குடிக்கலாம்" என்றார்.

விழுப்புரம் மாவட்டத்தில் கஞ்சனூரை ஒட்டிய நரசிங்கனூர், பூரிகுடிசைப் பக்கம் பனையேறிகள் இன்னும் தொழிலைக் கைவிடவில்லை. மாசி மாதம், வெயில் ஏறாத காலை. ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, பன்னாடையில் வடித்துப் பதநீரை ஊற்றினார். நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"இப்படிக் குடிச்சா என்னாத்த தெரியும்? மொத வாய்ல இனிப்பு. நடுவுல சுண்ணாம்பு. முழுங்குன அப்பறம்தான் மரம் வரும். அதுக்கு நின்னு பாக்கணும்."

மறுபடி ஊற்றினார். நின்று பார்த்தேன். முதலில் கரும்புச் சாற்றைவிட மெல்லிய இனிப்பு. பின்னால் மேலண்ணத்தில் லேசாகச் சொரசொரப்பு. விழுங்கிச் சற்று நேரம் கழித்துத் தொண்டையில் பச்சை ஓலையும் புகையும் கலந்த ஒரு வாசனை. அதைத்தான் அவர் மரம் என்கிறார். அடுத்த கலயம் வேறொரு மரத்துடையது. இனிப்பு கூடுதல், வாசனை குறைவு. மூன்றாவதை வாயில் வைத்ததும் அவரே துப்பினார். "சுண்ணாம்பு முந்திக்கிச்சு. இது அடுப்புக்குத்தான்."

பாளையிலிருந்து சொட்டும் சாறு கலயத்தில் விழுந்த நொடியிலிருந்தே ஈஸ்ட் அதன் மேல் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். காரம் ஏறிய சாற்றில் ஈஸ்ட்டால் பெருக முடியாது. சுண்ணாம்பு குறைந்தால் காலைக்குள் புளிப்பு ஏறும். கூடினால் நாக்கு பொத்துப்போகும். எவ்வளவு போதும் என்பதற்கு அளவுக் கரண்டி கிடையாது. இரவில் எவ்வளவு சொட்டும், பனி இறங்குமா, புழுக்கமா, அந்த மரம் எப்படிப்பட்டது, எல்லாவற்றையும் கணக்கில் வைத்து இரண்டு விரலால் ஓர் இழுப்பு. மறுநாள் காலை நாக்கு தீர்ப்புச் சொல்லும். அன்று மாலை விரல் திருத்திக்கொள்ளும்.

ஆண்பனையில் விரல் விரலாக நீளும் பாளைகளைச் சேர்த்துக் கட்டி, மர இடுக்கியால் நாள்தோறும் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவுகிறார்கள். சில நாளில் சொட்டத் தொடங்கும். பிறகு காலையும் மாலையும் ஏறி, காகிதம்போல மெல்லியதாக ஒரு சீவல் சீவ வேண்டும். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். பெண்பனைக்குப் பிஞ்சுகளுக்கு நடுவே நசுக்கும் வேலை, அதன் பருவமும் பின்னால்தான். அவருடைய அரிவாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முகம் மழிக்கலாம். அதை வைக்கும் பெட்டியும் பனையிலிருந்து வந்ததுதான்.

கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் இந்தச் சாறுதான் கள். சட்டத்தின் கண்ணில் பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே நிற்கும் வேலி, விரலால் இழுத்த அந்த வெள்ளைக் கோடுதான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் தளர்ந்தது, சில ஆண்டுகளில் மறுபடி இறுகியது, 1981இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கடைகள் மீண்டும் திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள் தமிழ்நாட்டில் குற்றம். ஆக, அறுபதைத் தாண்டிய இந்தப் பனையேறி தம் இளமையில் சில வருடங்கள் மட்டும் ஊரறியக் கள் இறக்கியிருக்கிறார்.

ருசித்து மதிப்பிடுவது என்றதும் எனக்கு நினைவு வருவது திண்டிவனத்தில் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அமெரிக்காவிலிருந்து வந்திருந்தவர் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். பெயர் புக்கர்ஸ். ஜிம் பீமின் பேரன் புக்கர் நோ 1980களின் கடைசியில் ஆரம்பித்த போர்பன் விஸ்கி. தண்ணீர் விட்டு இளக்காமல் பீப்பாயில் இருந்தபடியே அடைப்பது. 60 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால். லேபிளில் 120 புரூஃப் என்று இருந்தால் அமெரிக்கக் கணக்கில் அதைப் பாதியாக்க வேண்டும். நம் ஊர்க் கணக்கு வேறு. டாஸ்மாக் பாட்டிலில் 42.8 என்று ஒரு விநோதமான எண் இருப்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள். அது பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன அளவுகோலில் 75 டிகிரி. வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துத் தீ வைத்து, பற்றினால் சரக்கு சுத்தம் என்று பார்த்த காலத்து வழக்கம் அந்த அளவுகோலின் பின்னால் இருப்பதாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் போயும் அவன் வெடிமருந்து நம் பாட்டிலை விட்டுப் போகவில்லை.

நண்பர் கற்றுக்கொடுத்தது இது: மூக்கைக் கோப்பைக்குள் விடாதே, எரிந்துவிடும், வாயைச் சற்றுத் திறந்துகொண்டு தூரத்திலிருந்து முகர். முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு மட்டும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே. இரண்டாவதை வாயில் உருட்டு. பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி பார். அவர் சொன்னபடி செய்தேன். கருகிய சர்க்கரை, வனிலா, கடைசியில் வறுத்த வேர்க்கடலை. வேர்க்கடலை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.எம்.வி. ரகங்களை விதைத்த வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த வாசனையைக் கென்டக்கியிலிருந்து வரவழைத்துக் குடிக்கிறோம்.

போர்பனுக்குச் சட்டம் உண்டு. மக்காச்சோளம் குறைந்தது 51 சதவீதம், உள்ளே தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாய், பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தக் கருகிய மரம்தான் நிறத்தையும் வனிலாவையும் தருகிறது. லேபிளில் காணும் 'ஸ்மால் பேட்ச்' (சிறு தொகுப்பு) என்ற சொல்லுக்கு மட்டும் சட்டத்தில் வரையறை கிடையாது. எத்தனை பீப்பாயைக் கலந்தாலும் போட்டுக்கொள்ளலாம். நரசிங்கனூரில் ஒரு மரம், ஒரு கலயம், ஓர் இரவு. அதைவிடச் சின்ன பேட்ச் உலகத்தில் இருக்க வாய்ப்பில்லை, ஆனால் லேபிள் ஒட்ட ஆள் இல்லை.

இதைப் பனையேறியிடம் சொன்னேன். ஆறேழு வருஷம் பீப்பாயில் வைப்பார்கள் என்றதும் அவர் முகத்தில் அவநம்பிக்கை. "ஆறு வருஷமா? கள்ளுக்கு ஆறு மணி நேரந்தான் சார் வயசு."

அப்புறம் கேட்காமலே பேச ஆரம்பித்தார். காலைக் கள், உச்சிக் கள், அந்திக் கள் மூன்றும் மூன்று சரக்கு என்றார். காலையில் இறக்கியது பால்போல இனிக்கும், பிள்ளை பெற்றவளுக்குக்கூடக் கொடுப்பார்கள். உச்சியில் நுரை தள்ளி மூக்கில் ஏறும். வேலைக்காரர்கள் கேட்பது அதைத்தான். அந்தியில் கடுத்துவிடும், ஆனால் சிலருக்கு அதுதான் வேண்டும். ஆண்பனைக் கள்ளையும் பெண்பனைக் கள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லும் கிழவர்கள் இருந்தார்களாம். கடைக்காரன் பத்து மரத்துக் கள்ளைப் பானையில் கலப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கலயமாக வாயில் வைத்துப் பார்த்து, இது முன்னால், இது பின்னால் என்று வரிசை வைப்பானாம்.

"இப்ப எம் பையனுக்குப் புளிப்பு தெரியும். புளிச்சா கீழ ஊத்துடான்னுதான் சொல்லிக் குடுத்திருக்கேன். எது நல்ல புளிப்புன்னு அவனுக்கு எப்படிச் சார் தெரியும்?"

எனக்கு இந்தக் கேள்விதான் அங்கே போய்வந்ததன் கனம். கள் சத்துணவு என்பவர்களோடும், குடி குடியைக் கெடுக்கும் என்பவர்களோடும் இங்கே வழக்காட வரவில்லை. கள் இயக்கத்தின் செ.நல்லசாமி பல வருடங்களாக முதல் கட்சிக்காக வாதாடி வருகிறார். இரண்டாவது கட்சிக்குச் சாட்சி சொல்லப் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நான் பார்ப்பது இடையில் போன ஒரு திறமையை. தடை வந்தபோது பொருள் மட்டும் போகவில்லை, அதை எடைபோடும் நாக்கும் சேர்ந்து போனது. நாக்கு போன இடத்தில் விலையும் போதையும் மட்டும் அளவுகோலாக நிற்கின்றன.

அதன் கோரமான முனையையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம். 2024 ஜூனில், 2019 வரை விழுப்புரத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரம். அங்கே அறுபதுக்கு மேல் சாவு. இரண்டிலும் கொன்றது மெத்தனால், தொழிற்சாலைச் சரக்கு. கள்ளில் நொதித்து வரும் ஆல்கஹால் குறைவு, 4 முதல் 6 சதவீதம், பீர் அளவு. மெத்தனாலோ உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. எவ்வளவு தேர்ந்த நாக்காலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. அது எங்கிருந்து வந்தது, யார் கை பட்டது என்று தெரிந்திருப்பது ஒன்றுதான் காப்பு. கலயத்துக்கு அந்த மரத்தைத் தெரியும். சாராயப் பாக்கெட்டுக்கு யாரைத் தெரியும்?

துப்பிய மூன்றாவது கலயம் போன இடத்தையும் பார்த்தேன். ஓலைக் கொட்டகையில் அவர் மனைவி பெரிய சட்டியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். பனை ஓலையே எரிபொருள். பொங்கி வழிய வந்தபோது நசுக்கிய ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போட்டார். நுரை அடங்கி உட்கார்ந்தது. "அக்கா, பதம் எப்படித் தெரியும்?" என்றேன். துடுப்பிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். கரையவில்லை, ஒட்டவும் இல்லை. "இதுக்கு மேல ரெண்டு நிமிசம் வுட்டா கசக்கும்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் சட்டியை இறக்கிவிட்டார். கொட்டாங்குச்சிகளில் ஊற்றி ஆற வைத்த வெல்லத்தில் சுண்ணாம்பின் சுவடே இல்லை. கடைத்தெருவில் சீனிப்பாகு சேர்த்த பனைவெல்லம் பாதி விலைக்குக் கிடைக்கிறது; வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை என்பது அந்த அக்காவின் வருத்தம். நெடுஞ்சாலையோரம் சாக்கரின் கலந்து விற்கும் பதநீரும் அப்படித்தான். இனிப்பு மட்டும் இருக்கும், முழுங்கிய பிறகு ஒன்றும் வராது.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியம். மரத்தைக் காப்பாற்றியாயிற்று, ஏறுகிறவன் கதை தனி. யாழ்ப்பாணத்தில் இதே மரத்தின் கள்ளைக் காய்ச்சி வடித்துப் பனஞ்சாராயமாகப் போத்தலில் அடைத்தார்கள்; வடமராட்சியின் திக்கம் வடிசாலை அதற்குப் பேர்போனது, 1978இல் அங்கே பனை அபிவிருத்திச் சபையே வந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், புதுச்சேரி போதும். விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்து. ஆரியபாளையம் பாலத்தருகே அரசாங்கமே சாராய ஆலை நடத்துகிறது. கள்ளுக்கடைகளை ஏலம் விடுகிறது.

புறப்படும்போது பனையேறி, கள்ளுக்கடையில் கேட்க மூன்று கேள்விகளை எழுதித் தராத குறையாகச் சொல்லி அனுப்பினார். எப்ப எறக்கினது? பனையா தென்னையா? கலயம் பழசா? மூன்றாவதை விளக்கவும் செய்தார். கள் இறக்கிய கலயத்தை நன்றாகக் கழுவக் கூடாது. ஓட்டில் ஊறியிருக்கும் பழைய கள்தான் புதுச் சாற்றைக் கிளப்பிவிடும். தோசை மாவுக்குப் பழைய மாவு விடுவதுபோல. புதுக் கலயத்துக் கள் நாலைந்து நாளைக்கு வாயில் நிற்காது.

புதுச்சேரிக் கள்ளுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்றைத் தாண்டிவிட்டது. பிளாஸ்டிக் டம்ளரில் வந்தது. நிறம் அரிசி கழுவிய தண்ணீர். நுரை இருந்தது, ஆனால் பெரிய பெரிய குமிழி, உடனே உடைந்தது. மணத்தில் ஈஸ்ட் முந்தி நின்றது. முதல் வாயில் புளிப்பு, அதற்கடியில் எதனாலோ விடாமல் ஓர் இனிப்பு. இவ்வளவு புளித்த கள்ளில் அவ்வளவு சர்க்கரை மிஞ்சியிருக்க நியாயமில்லை. முழுங்கிவிட்டு நின்று பார்த்தேன். மரம் வரவில்லை.

கேள்விகளைக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தென்னங்கள்ளு. காலைல எறக்கினது. கலயமெல்லாம் ஏது சார், கேன்லதான் வருது" என்றார். பிறகு, ருசி கேட்டு வருகிற ஆளைப் பார்த்து நாளாகியிருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தினார்.

"பனங்கள்ளு வேணும்னா பத்து மணிக்குள்ள வாங்க. இருபது லிட்டர்தான் வரும். நாலு பெருசுங்க வந்து குடிச்சுட்டுப் போயிடுவாங்க."