இரு தகடுகளுக்கு நடுவே

அம்பத்தூரில் ஒரு வீட்டு மொட்டைமாடி. ஒரு மீட்டர் விட்டத்துக்கு வளைத்த 22 மி.மீ. செம்புக் குழாய் அங்கே ஆன்டெனாவாக நிற்கிறது. வீட்டுக்காரர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஹாம் ரேடியோ உரிமம் உள்ளவர். வளையத்தின் உச்சியில் ஒரு வெட்டு. அதில் உட்காரப்போகும் கெப்பாசிட்டரைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

“நூறு வாட் தானேன்னு நினைப்பீங்க. இந்த முனையில நாலாயிரம் வோல்ட் ஏறும் தம்பி,” என்றார். 7 மெகாஹெர்ட்ஸில் வளையம் அவ்வளவு கூர்மையாக ஒத்ததிர்கிறது. கூடவே 25 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம். தேவைப்படும் கெப்பாசிட்டரோ வெறும் 200 பிகோஃபாரட் சுமாருக்குத்தான்.

காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் தாங்கும். காற்றை நம்பினால் தகடுகளைத் தள்ளி வைக்க வேண்டும், கெப்பாசிட்டர் பெருத்துவிடும். அதனால் நடுவில் ஏதாவது தாளைச் செருகிப் பார்ப்பார்கள். அவர் செருகிப் பார்த்த பிவிசி துண்டை என் கையில் கொடுத்தார். நடுவே பழுப்பேறி, ஓரம் சுருண்டிருந்தது. பொறி பாய்ந்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. வோல்டேஜைத் தாங்கியிருக்கிறது, சூட்டைத் தாங்கவில்லை. நொடிக்கு 1.4 கோடி முறை மின்புலம் திசை மாற, பிவிசியின் மூலக்கூறுகளும் கூடவே திரும்ப முயன்று சூடேறுகின்றன. டெஃப்லானில் இந்த இழப்பு மிகக் குறைவு. 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் டெஸ்லா உப்புநீர் நிரப்பிய கண்ணாடிப் பாட்டில்களையே கெப்பாசிட்டராக வைத்துக்கொண்டார். டெஸ்லா காயில் கட்டுகிறவர்கள் இன்றும் அப்படிச் செய்வதுண்டு. கண்ணாடியிலும் இழப்பு உண்டு. எத்தனை வோல்ட் தாங்கும் என்று மட்டும் கேட்டுப் பொருள் வாங்குவது பாதி விசாரணைதான்.

இழப்பே இல்லாத இடைப்பொருள் வெற்றிடம். சோவியத் காலத்துக் கண்ணாடிக் குமிழ் ஒன்றைத் துணியிலிருந்து பிரித்தார். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாகச் செம்பு உருளைகள், உரசாமல் நிற்கின்றன. திருகைச் சுற்றினேன், எதிர்பார்த்ததைவிடக் கடினம். வெளிக்காற்றின் அழுத்தம் உலோகத் துருத்தியை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது, அதை எதிர்த்துத்தான் உருளையை வெளியே இழுக்க வேண்டும். பொறி ஒன்று பாய்ந்தாலும் கருகுவதற்கு நடுவில் எதுவுமில்லை. காற்று கசிந்திருந்தால்தான் வம்பு. உயர் வோல்டேஜ் கொடுத்ததும் உள்ளே ஊதா ஒளி பரவினால், அந்தக் குமிழை அவர் வாங்குவதில்லை.

மீதி வேலை அக்கம்பக்கத்து ஆட்களுடையது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு லேத் பட்டறையில் திருகுக்கு டெஃப்லான் இணைப்பு கடைந்து வந்திருந்தது. குழாயோடு அகலச் செம்புப் பட்டைகளைப் பற்றவைக்க ஏசி மெக்கானிக் வந்தார்.

“போல்ட் போட்டா சீக்கிரம் முடியுமே சார்?”

“ஒவ்வொரு போல்ட்டும் கொஞ்சம் பவரைத் தின்னுடும்பா.”

இந்த வளையத்தின் கதிர்வீச்சுத் தடை, அதாவது பவர் ரேடியோ அலையாக வெளியேறுவதைக் குறிக்கும் தடை, ஒரு ஓமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இணைப்பில் கூடும் சிறு தடையும் அதை விழுங்கிவிடும். மெக்கானிக் மறுபேச்சில்லாமல் டார்ச்சைப் பற்றவைத்தார். உருகிய கம்பி இடுக்கில் ஓடி நிறைந்தது. பட்டைகள் நன்றாக ஆறிய பிறகே குமிழ் மாடிக்கு வந்தது. அதன் கண்ணாடியும் உலோகமும் சேருமிடத்தில் சூடு படக் கூடாது.

ஒலிபரப்பும்போது மாடியில் யாரும் இருக்கக் கூடாது. கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். ரேடியோவை ஆன் செய்தது அதற்குப் பிறகுதான்.